கடல் உறைந்தால் வழி திறக்கும்

பின்லாந்தின் ஓவுலு நகரத்தில் மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போகிறவர்கள் கரையோடு நின்றுவிடுவதில்லை, கடலின் மேலேயே நடக்கிறார்கள். நல்லிகாரி கடற்கரையிலிருந்து பார்த்தால் உறைந்த பொத்னியா வளைகுடாவின் மேல் ஸ்கீ மாட்டிக்கொண்டு போகும் குடும்பங்கள், ஐஸில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதன் இழுப்பில் சறுக்கும் இளவட்டங்கள் எல்லாரும் கண்ணில் படுவார்கள். ஊர் இருப்பது வட அட்சரேகை 65 டிகிரியில். ஜனவரி, பிப்ரவரியின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது, பத்து டிகிரி. டிசம்பர் கடைசியில் சூரியன் மூன்றரை மணி நேரம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள், குளிர்காலத்தில் வெளியே வருவதை விரும்பவும் செய்கிறார்கள். இதற்குப் பயண நூல்களும் சுற்றுலா விளம்பரங்களும் சொல்லும் காரணம், வடக்கத்தியருக்குக் குளிர் ரத்தத்தில் ஊறியது, அது அவர்கள் சுபாவம் என்பது. இந்த விளக்கம் சோம்பேறித்தனமானது. ஓவுலுவின் பழைய கதையைப் பார்த்தால் சுபாவத்தைவிடப் பாதைதான் முன்னால் வந்து நிற்கிறது. குளிர்காலத்தில்தான் அங்கே வழிகள் திறந்தன. பிழைப்புக்காகப் போட்ட அந்த வழிகளில்தான் பிற்பாடு பொழுதுபோக்கும் நடந்தது. வழியை யாராவது பராமரித்த காலத்தில் மகிழ்ச்சி இருந்தது, பராமரிக்காத காலத்தில் அதே மக்கள் வீட்டுக்குள் முடங்கினார்கள்.

ஓவுலு 1605-இல் ஸ்வீடன் மன்னர் ஒன்பதாம் சார்லஸ் ஆணையால் ஓவுலு ஆற்றின் முகத்துவாரத்தில் எழுந்த ஊர். அதை வளர்த்தது மரத்தார். சாலையில் ஊற்றும் தார் வேறு. இது பைன் மரத்தின் பிசினிலிருந்து வடிப்பது. மரக்கப்பல்களின் அடிப்பகுதியும் கயிறுகளும் உப்புநீரில் மட்காமல் இருக்க ஐரோப்பியக் கடற்படைகள் இதைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் முக்கியமான தார்த் துறைமுகங்களில் ஓவுலுவும் ஒன்று. (1854-இல் கிரிமியப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை இங்கே வந்து தார்க் கிடங்குகளுக்குத் தீ வைத்தது. எரிந்த தாரில் ஒரு பங்குக்கு பிரிட்டிஷ் வணிகர்களே முன்பணம் கொடுத்திருந்தார்கள்.) அந்தத் தார் எப்படி உண்டானது என்பதில்தான் நம் விஷயம் இருக்கிறது. உள்நாட்டில், கைனூ பகுதிக் காடுகளில், பைன் மரத்தின் பட்டையை வசந்தகாலத்தில் பட்டை பட்டையாக உரிப்பார்கள். மரம் சாகாதபடி ஒரு கீற்றை மட்டும் விட்டுவைப்பார்கள். காயம்பட்ட மரம் பிசினைச் சுரந்து தன்னை மூடிக்கொள்ளும். இப்படிச் சில ஆண்டுகள் செய்தபின் மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டி, குதிரை இழுக்கும் சறுக்குவண்டியில் ஏற்றி, பனியின் மேல் தார்க்குழி வரைக்கும் கொண்டுபோவார்கள். கோடைத் தொடக்கத்தில் குழியில் புகைய விட்டுத் தார் எடுத்து, நீண்டு ஒடுங்கிய படகுகளில் ஆற்றின் வெள்ளச்சரிவுகள் வழியாக ஓவுலுவுக்கு இறக்குவார்கள். ஏன் குளிர்காலத்தில் வெட்டினார்கள்? கோடையில் அந்தக் காடு சதுப்பும் ஏரியுமாக இருக்கும், பாரமான மரத்தை இழுக்க வழியே கிடையாது. நவம்பருக்குப் பிறகு சதுப்பு இறுகும், ஏரி தளமாகும், பனி தடத்தைச் சமமாக்கும். சாலை போடாமலே காடு முழுக்கச் சாலை கிடைத்துவிடும்.

கடலிலும் அதே கணக்குதான். பொத்னியா வளைகுடாவின் வடகோடியில் ஆறுகள் நிறையக் கலப்பதால் நீரில் உப்பு மிகக் குறைவு, ஒரு லிட்டருக்கு இரண்டிலிருந்து நான்கு கிராம். அதனால் அது ஆண்டுதோறும் தவறாமல் உறையும், கரையோரம் ஏறத்தாழ அரை ஆண்டு ஐஸ் கிடக்கும். கப்பல்காரனுக்கு இது நஷ்டம். ஐஸ் உடைக்கும் கப்பல்களின் துணையோடு ஓவுலு துறைமுகம் ஆண்டு முழுவதும் இயங்கத் தொடங்கியதே 1970களின் தொடக்கத்தில்தான். ஆனால் கால்நடையாகவும் குதிரையோடும் போகிறவனுக்குக் கடல் மூடிய நாள்தான் வழி திறந்த நாள். எதிரே இருக்கும் ஹைலுவோட்டோ தீவு, அப்பால் டோர்னியோ சந்தை, இன்னும் அப்பால் ஸ்வீடன் கரை என்று எல்லாம் நேர்கோட்டில் வந்துவிடும். 1518-19இல் வடக்கே டோர்னியோ வரை போன ஸ்வீடன் நாட்டுப் பாதிரியார் ஓலாஸ் மாக்னஸ், 1555-இல் ரோமில் அச்சிட்ட வடநாட்டு மக்கள் பற்றிய பெரிய நூலில் ஐஸின் மேல் போகும் பாதைகளையும் அங்கே போட்டிருந்த பயணிகள் சத்திரங்களையும் படத்தோடு விவரிக்கிறார். 1809 மார்ச்சில் ருஷ்யத் தளபதி பார்க்ளே டி டோலி ஒரு படையையே வாசாவிலிருந்து உறைந்த கடல் வழியாக ஸ்வீடனின் ஊமெயோவுக்கு நடத்திப் போனார். அதற்குப் பத்து ஆண்டு முன்னால், 1799 மார்ச்சில், இத்தாலியப் பயணி ஜூசெப்பே அச்சேர்பி தெற்கே ஓலாந்து கடலைச் சறுக்குவண்டியில் கடந்தபோது, கண்ணாடிபோல் வழவழவென்று ஒரு சமவெளியை எதிர்பார்த்துப் போய், காற்று உடைத்துக் குவித்த ஐஸ் மேடுகளில் வண்டி குடைசாயும் அனுபவத்தைப் பெற்றார். பின்னர் ஓவுலுவில் சில வாரம் தங்கி உள்ளூர் இசை ஆர்வலர்களோடு நால்வர் குழு அமைத்து வாசித்தார். கடல் உறைந்தால் ஊர் உறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் அச்சேர்பியின் பயண நூலை ஒருமுறை புரட்டலாம்.

அப்படியென்றால், பதினாறாம் நூற்றாண்டிலேயே அவர்கள் ஐஸில் விளையாடவில்லையா என்று கேட்கலாம். விளையாடினார்கள். ஓலாஸ் மாக்னஸ் எலும்பாலான சறுக்குப் பட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு பரிசுக்காக ஓடுபவர்களையும், ஐஸில் நடக்கும் குதிரைப் பந்தயத்தையும், சிறுவர்கள் பனிக்கோட்டை கட்டிச் சண்டை போடுவதையும் எழுதியிருக்கிறார். இது என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சிபோலத் தோன்றும். பந்தயக் குதிரை எது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது. மற்ற நாட்களில் சந்தைக்குச் சறுக்குவண்டி இழுத்த குதிரையே பந்தயத்திலும் ஓடியது. அதன் ஓட்டத்துக்குத் தளமாக இருந்ததும், கனம் பார்த்து, தடம் பிடித்து, போக்குவரத்துக்குப் பழகிய ஐஸ்தான். வேலை விட்ட இடத்தில் விளையாட்டு தொற்றிக்கொண்டது. வேலை போகாத ஐஸில் விளையாட்டும் போகவில்லை.

அந்த வேலை எவ்வளவு கொடியது என்பதையும் மறைக்க வேண்டாம். இந்தக் கரையின் சீல் வேட்டைக்காரர்கள் வசந்தத் தொடக்கத்தில் படகை ஐஸின் மேல் இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் கடலுக்குள் போய்விடுவார்கள். படகே வீடு, படகே உயிர்காப்பு. ஐஸ் உடைந்து மிதந்தால் அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். சீல் படுத்திருக்கும் இடத்தை அணுக அவர்களிடம் ஒரு தனிக் கருவி இருந்தது: மூன்று மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒற்றைப் பலகை, ஸ்கீயைப் போலவே முன்நுனி வளைந்தது. வேட்டைக்காரர் அதன் மேல் குப்புறப் படுத்து, முன்னால் ஒரு வெள்ளைத் துணித்திரையை நிறுத்தி, துப்பாக்கிக் குழலை அதன் ஓட்டை வழியே நீட்டி, ஒரு காலால் ஐஸை உந்தி உந்தி அங்குலம் அங்குலமாக நகர்வார். சீலுக்கு அது நகரும் பனித்திட்டாகத் தெரியும். ஐஸுக்கு அடியில் வலை போடுவதும் லேசான காரியமில்லை. வரிசையாகத் துளை வெட்டி, நீளக் கழியை ஒரு துளையில் விட்டு அடுத்த துளைக்குத் தள்ளி, கயிற்றைக் கோத்து, வெறுங்கையால் வலையை இழுக்க வேண்டும். இதை ரசித்துச் செய்தார்களா என்றால் சிலர் செய்திருக்கலாம். மனித மனம் எதிலும் ஒரு சுவையைக் கண்டுபிடிக்கும். ஆனால் அந்த வேலையில் கிடைத்த ஐஸ் அறிவு, எந்த நிறத்து ஐஸ் தாங்கும், எது ஏமாற்றும், ஆற்று நீரோட்டம் எந்த இடத்தில் அடியிலிருந்து அரிக்கும் என்கிற அறிவு, பிற்காலத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இலவசமாக வந்து சேர்ந்த முதலீடு.

சுபாவம் என்கிற வாதத்தை 1867 உடைத்துவிடுகிறது. அந்த ஆண்டு வசந்தமே வரவில்லை. மே மாதம் முழுக்கக் குளிர் விடவில்லை, வடக்கே ஏரிகளில் ஜூனில்கூட ஐஸ் கிடந்தது, விதைப்பு தவறியது, இலையுதிர்காலத்து உறைபனி மிச்சத்தையும் கொன்றது. 1866 முதல் 1868 வரை நீடித்த பஞ்சத்தில் பின்லாந்து மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டுப் பேர் போல மாண்டார்கள். பைன் பட்டையின் உட்தோலை இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டவர்கள் அந்தத் தார்க்காட்டு மக்கள்தான். பிச்சைக்காகப் பனியில் நடந்தவர்கள் பாதையிலேயே விழுந்தார்கள். அதே ரத்தம், அதே பனி, ஆனால் மகிழ்ச்சிக்கு இடமே இல்லை. குளிரை நேசிப்பது பிறவிக்குணம் என்று சொல்பவர்கள், பஞ்சம் முடிந்து இருபது ஆண்டுதான் ஆகியிருந்த நிலையில் அதே வட்டாரத்தில் ஸ்கீ விழா எப்படி வந்தது என்பதை விளக்க வேண்டியிருக்கும். பிறவிக்குணத்தால் விளக்க முடியாது. இடையில் மாறியது வேறு.

மாறியது இதுதான்: 1886-இல் ரயில் ஓவுலுவை எட்டியது. மரக்கப்பல் காலம் முடிந்துகொண்டிருந்ததால் தாரின் மவுசும் குறைந்துகொண்டிருந்தது. குளிர்காலப் பயணத்துக்கு ஸ்கீயையும் சறுக்குவண்டியையும் மட்டுமே நம்ப வேண்டிய தேவை நகரத்தாருக்குத் தளர்ந்தது. அந்தத் தருணத்தில்தான், 1889-இல், ஓவுலுவில் முதல் ஸ்கீ போட்டி நடந்தது. பின்னாளில் ‘தார் ஸ்கீ’ என்று பெயர் பெற்று இன்றுவரை நடக்கும் அதை, தொடர்ந்து நடந்துவரும் நெடுந்தூரப் போட்டிகளில் உலகிலேயே மூத்தது என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். முன்னோடிகள் இல்லாமலில்லை. நார்வேயின் டிராம்ஸோவில் 1843-இலேயே செய்தித்தாளில் அறிவித்து ஸ்கீ போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1884-இல் ஸ்வீடனின் யோக்மோக்கில் ஆய்வாளர் நார்டன்ஷோல்ட் நடத்திய 220 கி.மீ. ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு வழக்கே இருந்தது. கிரீன்லாந்துப் பயணத்தில் தன்னோடு வந்த இரண்டு சாமி இனத்தவர் 57 மணி நேரத்தில் 460 கி.மீ. போய்வந்ததாகச் சொன்னதை ஐரோப்பா நம்பவில்லை. அவர்களில் ஒருவரான பாவா லார்ஸ் தூர்டா யோக்மோக்கில் 21 மணி 22 நிமிடத்தில் முதலாவதாக வந்து கேலி பேசியவர்களின் வாயை அடைத்தார். ஆக, பயணத்துக்கும் வேட்டைக்கும் ஸ்கீ போட்டவர்களின் திறமைதான் மேடையேறியது. மேடை கட்டியவர்கள் நகரத்தார். ஓவுலுவின் பங்கு, அந்த மேடையை ஆண்டுதோறும் கட்டியது.

போட்டி, கருவியையும் மாற்றியது. பழைய நாட்டு ஸ்கீ ஜோடியில் இரண்டும் ஒரே அளவில் இருக்காது. ஒரு காலுக்கு வழுக்கிப் போக மிக நீளமான பலகை, மறு காலுக்கு உந்தித் தள்ளக் குட்டையான பலகை, குட்டையின் அடியில் பின்வழுக்காமலிருக்க மிருகத்தோல், கையில் ஒரே ஒரு கம்பு. காட்டில் விலங்கைத் துரத்த அது போதும். சமதளத்தில் மணிக்கணக்காக வேகம் வேண்டுமென்றால் போதாது. ஓவுலுவுக்குத் தெற்கே ஹாபாவேசி கைவினைஞர்கள் செய்த நீண்டு மெலிந்த, இரண்டும் சம அளவுள்ள ஸ்கீகள் பந்தயக்காரர்களிடையே பெயரெடுத்தன. அவற்றின் அடியில் தார் பூசிச் சூடு காட்டி இறக்குவது வழக்கம். ஈரம் ஏறாது, சறுக்கலும் பிடிப்பும் கிடைக்கும். நார்வேக்காரர்கள் மலைச்சரிவுக்கேற்ற குட்டை ஸ்கீயையும் தாண்டுதலையும் வளர்த்தபோது இங்கே தட்டை நிலமும் உறைந்த கடலும் ஆறும் தடம் கொடுத்தன. தரை சொன்னபடிதான் விளையாட்டு வடிவெடுத்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இதெல்லாம் செல்வத்தின் விளைவுதானே? வயிறு நிறைந்து, வீடு கதகதப்பாகி, வாரவிடுமுறையும் கிடைத்துவிட்டால் எவருக்கும் பனி அழகாகத் தெரியும். பாதை கீதை என்று எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? இதில் பாதி நியாயம். 1867-ஐச் சொன்ன கையோடு வயிற்றை மறுக்க முடியாது. ஆனால் செல்வம் மட்டும் வேலையை முடித்துவிடாது என்பதற்கு இருபதாம் நூற்றாண்டே சாட்சி. வசதி வந்ததும் கார் வந்தது. கார் வந்ததும் பனித்தள்ளி இயந்திரம் சாலையைத் துடைத்து நடைபாதையில் கொட்டியது. வடநாட்டு நகரங்கள் பலவற்றில் பணம் ஏற ஏறக் குளிர்காலத்தில் கால் தரையில் படுவதே குறைந்தது. எதிர்த்திசையில் இழுத்தது சங்கங்களும் சட்டங்களும். பந்தயத்துக்கல்ல, சும்மா உல்லாசமாக ஸ்கீ போக ஆசைப்பட்டவர்களுக்காக 1938-இல் ‘சுவோமன் லாத்து’ என்னும் அமைப்பு உருவானது. 1960களிலிருந்து ஊர்தோறும் மின்விளக்கு போட்ட ஸ்கீத் தடங்கள் பரவின. 1980-இல் நடைமுறைக்கு வந்த விளையாட்டுச் சட்டம் இதற்கான வசதி செய்வதை நகராட்சிகளின் பொறுப்பாக்கியது. விளக்குத் தடத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதற்கு முன் வேலைக்குப் போகிறவருக்கு டிசம்பரில் ஸ்கீ என்பதே கிடையாது, காலையும் இருட்டு, மாலையும் இருட்டு. தமிழ் ஆண்டு பனிக்கு முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவம் ஒதுக்குவதுபோல் ஓவுலுவின் குளிர்காலமும் இரண்டாகப் பிளந்தது. இருட்டுப் பாதி, வெளிச்சப் பாதி. மார்ச், ஏப்ரலில் வெயில் நீளும், பனியின் மேற்பொருக்கு இறுகி ஆளைத் தாங்கும். விழாக்களும் போட்டிகளும் குவிவது அப்போதுதான். முன்பாதியை மனிதர் வாழத்தக்கதாக்கியவை விளக்குகள். குளிரைக் காதலிக்கும் இனம் என்றால் இருட்டுப் பாதியிலும் விளக்கில்லாமல் கிளம்பியிருக்க வேண்டுமே.

சைக்கிள் கதையில் இது இன்னும் தெளிவு. ஓவுலுவில் பனிக்காலத்திலும் சைக்கிளில் போகிறவர்கள் ஏராளம். உறைகுளிரில் பள்ளி வாசலில் வரிசையாக நிற்கும் சைக்கிள்களின் படங்கள் உலகம் சுற்றியிருக்கின்றன. குளிர்கால சைக்கிள் பயணம் பற்றிய முதல் சர்வதேச மாநாடும் 2013-இல் இங்கேதான் கூடியது. படத்தைப் பார்த்தவர்கள் பிள்ளைகளின் மன உறுதியைப் புகழ்ந்தார்கள். புகழ வேண்டியவர்கள் பனித்தள்ளி ஓட்டுநர்கள். 1970களிலிருந்து திட்டமிட்டுப் போட்ட, மோட்டார் சாலையிலிருந்து விலகிய 900 கி.மீ.க்கு மேற்பட்ட பாதைகள், சாலைக்கு அடியில் புகுந்து போகும் 300-க்கு மேற்பட்ட சுரங்கவழிகள், அவற்றில் பெரும்பகுதிக்குக் குளிர்காலப் பராமரிப்பு. தெற்கத்திய நகரங்களைப்போல் உப்பைத் தூவிக் கருந்தரையைத் தேடுவதில்லை. பனியை அழுத்தி, மேற்பரப்பைச் சொரசொரப்பாகக் கீறிவிடுகிறார்கள். கடுங்குளிரில் இறுகிய பனி நல்ல தளம். தொல்லை வருவது பூஜ்யத்தை ஒட்டிக் கரைந்து கரைந்து உறையும் நாட்களில்தான்.

பராமரிப்பு எப்போதும் எல்லாருக்கும் ஒன்றுபோல் உதவுவதில்லை என்பதற்கு உதைவண்டி நல்ல உதாரணம். இரண்டு நீண்ட எஃகுச் சறுக்குகள், முன்னால் மர இருக்கை, பின்னால் கைப்பிடி. ஒரு காலைச் சறுக்கின் மேல் வைத்து மறு காலால் தரையை உதைத்தால் வண்டி ஓடும். இருக்கையில் காய்கறிப் பையோ பேரப்பிள்ளையோ உட்காரும். வடக்கு ஸ்வீடன் செய்தித்தாளில் 1870 வாக்கில் முதலில் குறிப்பிடப்படும் இந்த வண்டி, விழுந்துவிடுவோமோ என்று அஞ்சும் முதியவர்களுக்கு ஊன்றுகோலும் வாகனமும் ஆகிவிட்டது. நடப்பவர் வழுக்கக் கூடாதென்று நகராட்சி பாதையில் பொடிக்கல் தூவினால் உதைவண்டியின் எஃகு அதில் சிக்கி நின்றுவிடும். ஒரே மூதாட்டியின் இரண்டு தேவைகள் இங்கே மோதுகின்றன. எந்தப் பாதையில் கல், எந்தப் பாதையில் வெறும் பனி என்று முடிவெடுப்பவர்தான் அவர் வெளியே வருவாரா மாட்டாரா என்பதையும் முடிவெடுக்கிறார். அவருடைய சுபாவத்துக்கு இதில் ஒரு வாக்கும் இல்லை.

ஐஸ் துளையில் குளிப்பது மட்டும் என் வாதத்துக்குள் சரியாக அடங்காது. பூஜ்யத்தை ஒட்டிய நீரில் இறங்க எந்தப் பாதையும் கட்டாயப்படுத்தவில்லை, அது விரும்பி ஏற்பதுதான். ஆனாலும் துளையைத் தினம் திறந்து வைக்க ஒரு பம்ப், உறையாத படிக்கட்டு, பக்கத்தில் சூடான சவுனா, சாவி வைத்திருக்கும் ஒரு சங்கம் ஆகியவை இல்லாத இடத்தில் எத்தனை பேர் இறங்குவார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

கடைசிச் சோதனை இப்போது ஹைலுவோட்டோவில் நடக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் அந்தத் தீவுக்குப் படகுச் சேவை உண்டு, ஐஸ் 40 செ.மீ. போல் தடித்தால் கூடவே சுமார் 10 கி.மீ. நீளத்துக்கு அரசு திறக்கும் ஐஸ் சாலை. ஓரத்தில் ஊசியிலைக் கன்றுகளை நட்டு வழி குறிப்பார்கள். முந்திச் செல்லக் கூடாது, நிற்கக் கூடாது, வண்டிக்கு வண்டி 50 மீட்டர் இடைவெளி வேண்டும், ஐஸ் உடைந்தால் சட்டென்று வெளியேற சீட் பெல்ட்டைக் கழற்றி வைப்பது நல்லது. குளிர்காலங்கள் இளகிவருவதால் இந்தச் சாலை திறக்காத ஆண்டுகளும் வருகின்றன. 2020களில் தீவுக்கு நிரந்தரப் பாலச்சாலை கட்டத் தொடங்கினார்கள். ஆம்புலன்ஸுக்கும் பள்ளிக்கும் படகை நம்பியிருந்த தீவுவாசிகளுக்கு அது நியாயமான ஆறுதல். அழகு கெடுகிறது என்று தீவுக்கு வெளியிலிருந்து புலம்ப யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பாலம் வந்தபின் ஐஸின் கனத்தை அளக்கவும் கன்று நடவும் சாலைத் துறைக்கு வேலை இருக்காது. மனம்தான் காரணம் என்றால் அதன்பிறகும் மக்கள் அந்த ஐஸில் முன்போலவே போய்வருவார்கள். பாதைதான் காரணம் என்றால், அளந்து குறித்துக் கொடுக்க நகராட்சியோ ஏதாவது ஸ்கீ சங்கமோ முன்வரும் அளவுக்குத்தான் போவார்கள். என் கணிப்பு இரண்டாவது.